சூசையின் பேரில் வெந்த காரட் கேக்

கேக் சுடுகிற தொழிலில் மாவு கலக்குவது கால் பங்கு. மீதி முக்கால் பங்கு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்வது. ஏதோ ஒரு நல்ல நாளில் வீட்டில் ஒரே ஒரு கேக் செய்து, அதில் இரண்டு துண்டைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பிவிட்டு, அன்று முதல் ‘கேக்கம்மா’ என்ற பட்டத்தைக் கழற்ற முடியாமல் திரிகிற சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் படுகிற பாட்டை நானும் பட்டவள். அது எழுபதுகளில், பீர்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில். என் வீட்டுக்காரர் அங்கே டீமேக்கர். அதாவது, பறித்த கொழுந்து ஃபாக்டரிக்குள் நுழைந்து தூளாக வெளியே போகிற வரைக்கும் அதற்கு இவர்தான் தகப்பன். நான் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை.

காரட்டிலா?

எங்களுக்குச் சமையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் அயர்லாந்துக்காரர். யுத்த காலத்தில் சீனி கிடைக்காமல், இனிப்புக்காகக் காரட்டைத் துருவிப் போட்டுக் கேக் செய்த கதையைச் சொல்லிக்கொண்டே கற்றுக்கொடுத்தார். எஸ்டேட்டிலும் சீனி ரேஷன்தான். ஆகவே அந்தக் கேக் எனக்குத் தோதாக வந்தது. மேலே பூசுவதற்குக் கிரீம் சீஸ் வேண்டும். அதைப் பீர்மேட்டில் யார் விற்றார்கள்? எருமைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டால், தண்ணீரெல்லாம் வடிந்து அரைத்த சந்தனம் மாதிரி ஒன்று மிஞ்சும். அதில் வெண்ணெயும் பொடித்த சீனியும் எலுமிச்சைத் தோல் துருவலும் சேர்த்து அடித்தால் கிரீம் சீஸ் தோற்றுப்போகும். சிஸ்டர் தன் பழைய முக்காட்டுத் துணியில்தான் கட்டுவார். நான் இவருடைய பழைய வேட்டியில் கட்டினேன். ருசியில் வித்தியாசம் இல்லை.

காரட்டும் முட்டையும் கொண்டுவந்து தருகிறவள் பேச்சியம்மாள். கொழுந்து பறிக்கிறவள், தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நான்கு பாத்தி போட்டிருந்தாள். அவளுக்குக் கூலி, கேக்கில் ஒரு துண்டு. முதல் தடவை நான் காரட்டைத் துருவுவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தவள், ஏதோ சாவு வீட்டில் இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கேக் வெந்ததும் தன் துண்டை முழுசாகத் தின்று, விரலையும் நக்கிவிட்டுச் சொன்னாள்: “காரட்டு இருக்க எடமே தெரியலியேம்மா. பொறவு எதுக்கு அதப் போட்டு வீணாக்குனீக?”

மணல் பானையும் பங்களா அடுப்பும்

என் முதல் கேக்குகள் மணல் பானையில் வெந்தவை. பெரிய அலுமினியப் பானையில் மணலைக் கொட்டிச் சுடவைத்து, அதற்குள் மாவு ஊற்றிய தகரத்தை இறக்கி, மூடிமேல் தணலை அள்ளிப் போட வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடி கரியாகும், மேலே பச்சை மாவு பல்லைக் காட்டும். போதாததற்கு எங்கள் ஊர் மூடுபனி. விறகு எரியாது, அழும். மாதா கோயில் திருவிழாவுக்கு நான் கொண்டுபோன கேக்கின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று பார்த்தவர் சூசையண்ணன்.

சூசையண்ணன் பெரிய பங்களாவில் பட்லர். பட்டம்தான் பட்லர், சமையல், பரிமாறல், பாத்திரம், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது எல்லாம் அவர் ஒருவரே. வெள்ளைக்காரன் காலத்து இரும்பு அடுப்பு ஒன்று அந்தச் சமையலறையில் இருந்தது, உள்ளேயே கேக் வைக்கிற அறையோடு. அப்போதிருந்த தொரை, அதாவது எஸ்டேட் மானேஜர், கல்யாணம் ஆகாதவர்; காலையில் மலைக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவார். வெளியாள் பங்களாச் சமையலறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஆனாலும் சூசையண்ணன் என் கேக்கின் கரியைப் பார்த்து மனம் இளகி, “பின்வாசல் வழியா வாங்கம்மா” என்றார். எனக்கு வாரம் ஒருநாள் அடுப்பு. அவருக்கு ஓரத்துண்டு ஒன்று, இழுப்பில் கிடக்கிற அவர் மனைவி லூர்துக்காக. சட்டத்தை மீறுகிறோமே என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “அடுப்புக்கு யார் மாவுன்னு தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியக்கூடாது, நான் அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிடுதேன்.”

ஸ்டோர் ரூமில் நான்

நவம்பரில் அந்தத் தொரைக்கு மாற்றல் வந்தது. புதுத் தொரை வெள்ளிக்கிழமை மனைவியோடு வருகிறார் என்றார்கள். வியாழக்கிழமை கடைசியாக ஒரு கேக் போட்டுவிடலாம் என்று நான் போனேன். கேக் உப்பி, வாசனை வாசல்வரை போன நேரத்தில் ஜீப் சத்தம். ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். சூசையண்ணன் என்னைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அரிசி மூட்டைக்கும் எலிப்பொறிக்கும் நடுவில், கான்வென்டில் படித்து, இங்கிலீஷில் பரிசு வாங்கிய நான் நின்றுகொண்டிருந்தேன்.

தொரசானி நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டார். பெங்களூர்க்காரி, குரலே மணி அடித்தமாதிரி இருக்கும். “என்ன அருமையான வாசனை! யார் செய்தது?” என்று இங்கிலீஷில் கேட்டார். வேறு யாரைக் காட்டுவார் அந்த மனுஷன்? “நான்தான் மேடம். நீங்க வாரீகன்னு” என்றார். கத்தி எடுக்கிற சத்தம், தட்டு எடுக்கிற சத்தம், தொரையைக் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. கீழ் டிவிஷனில் ஒரு பிறந்தநாளுக்குச் சொல்லியிருந்த கேக்கைப் புருஷனும் பெண்டாட்டியும் நின்றவாக்கிலேயே பாதிக்குமேல் தின்று தீர்த்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்த சூசையண்ணனுக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “மன்னிச்சிருங்கம்மா, வாய் முந்திக்கிருச்சு. வாராவாரம் வேணுமாம்.”

இரண்டு முட்டைக்கோசு

மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்தவர் பேரில் என் கேக் நடமாடுவதைப் பொறுத்துக்கொள்கிற சாது இல்லை நான். ஆனால் அந்த வாரமே பங்களாத் தோட்டக்காரன் இரண்டு முட்டைக்கோசை லயத்தில் இருக்கிற தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டான். தொரை கேட்டபோது “இல்லை” என்றான். கோசுக்காக இல்லை, அந்த ‘இல்லை’க்காகத்தான் வேலை போயிற்று. “பொய் சொல்றவனுக்கு என் எஸ்டேட்டில் இடம் கிடையாது” என்று தொரை பிரட்டுக்களத்தில், காலையில் ஆள் எடுக்கிற இடத்தில், எல்லாரும் கேட்கச் சொன்னார். எங்கள் எஸ்டேட்டில் வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே சாவி. சாயங்காலத்துக்குள் அவன் சட்டி பானை, பாய், பிள்ளைகள் எல்லாம் லாரியில் ஏறியாயிற்று.

இரண்டு கோசுக்கு இந்தக் கதி என்றால் வாரம் ஒரு கேக்குக்கு? சூசையண்ணன் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மலைக்குக் கீழே கம்பத்தில் அவர் மகன் கட்டுகிற வீட்டுக்குச் சுவர் மட்டும்தான் எழும்பியிருந்தது. கூரையில்லாத வீட்டில், இழுப்பு நோய்க்காரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தோட்டக்காரன் போன லாரியின் புகை அடங்குமுன்னே என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். “கூரை ஏறுற வரைக்கும் பொறுத்துக்கிடுங்கம்மா. ஏறிட்டா நானே போய்ச் சொல்லிருதேன்.”

பொறுத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒருநாள், தொரசானி குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்துப் பின்வாசல் வழியாகப் போய், திருடி மாதிரி மாவு கலக்கிவிட்டு வருவேன். வெந்த கேக்குக்குச் சூசையண்ணன் பேர்.

விரதக் கேக்

சூசையின் புகழ் டிவிஷன் டிவிஷனாகப் பரவியது. எனக்கு வந்துகொண்டிருந்த கேக் ஆர்டரெல்லாம் அவரிடம் போனது. எங்கள் ஃபீல்டு ஆபீசர் கோபாலபிள்ளை மலைக்கு மாலை போட்டிருந்த சமயம், மகளுக்குப் பிறந்தநாள். முட்டை சேர்த்த எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. முட்டை இல்லாத கேக் வேண்டும் என்று நேரே பங்களாவுக்குப் போய்ச் சூசையண்ணனைக் கேட்டார். அவர் பதறிப்போய், “எனக்கு நேரம் இல்ல சாமி, டீமேக்கரம்மாவக் கேட்டுப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார்.

முட்டையை எடுத்துவிட்டால் கேக்குக்கு முதுகெலும்பு ஏது? மோரும் சோடா உப்பும் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கென்று பங்களா அடுப்பும் கிடைக்கவில்லை, மணல் பானைதான். வெளியே வந்தது செங்கல். காரட் பதித்த செங்கல். விரதம் இருக்கிற வீட்டுக்கு இல்லை என்று சொல்ல முடியாமல், நிறையக் கிரீமைப் பூசி அனுப்பிவைத்தேன். நல்ல கேக் எல்லாம் சூசை கணக்கில், செங்கல் மட்டும் என் கணக்கில் என்று அப்போது புரியவில்லை. இரண்டு நாள் கழித்து வழியில் பார்த்தபோது, அந்த மனுஷர் கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக, ரொம்பப் பரிவோடு மலையாளம் கலந்து சொன்னார்: “சேச்சி, ஒண்ணும் விசாரிக்கண்டா. சூசைகிட்டே போய் ஒரு மாசம் படிச்சால் மதி, போதும்.”

எனக்கே பாடம்

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைக்காம்பராவில், அதுதான் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், பங்களாவிலிருந்து மிட்டாயும் கேக்கும் கொடுத்தார்கள். என் கேக்குதான். வெட்டிக் கொடுத்தது தொரசானி. எனக்கு இங்கிலீஷ் வரும் என்று தெரிந்ததும், தொரசானிக்கு அந்த மலையில் பேசுவதற்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். நல்ல பெண்தான் பாவம். அந்தப் பனியில், பேச்சுத் துணைக்கு ஒருத்தரும் இல்லாமல் காய்ந்துபோயிருந்தார். கேக்கின் செய்முறையைக் கேட்டாராம். சூசை எழுதித் தந்தானாம். சூசையண்ணன் கைநாட்டு. எழுதித் தந்தது நான், என் அழகான கான்வென்ட் கையெழுத்தைக் கோணல்மாணலாக்கி.

அந்தத் தாளைப் பற்றி என்னிடமே விளக்கினார். தயிரை எப்படிக் கட்ட வேண்டும், எத்தனை மணி நேரம் தொங்க வேண்டும் என்றெல்லாம். எலுமிச்சைத் தோலைத் துருவும்போது வெள்ளை வராமல் துருவ வேண்டும் என்றபோது எனக்கு உண்மை நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த சூசையண்ணன் கையில் துணி அசையவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன், ரத்தம் வந்தது. தொரசானி என் கையைத் தட்டிக் கொடுத்துச் சொன்னார்: “கஷ்டமாகத் தோன்றுகிறதா? பயப்படாதீர்கள், என் சூசையை விட்டு உங்களுக்கும் சொல்லித்தரச் சொல்கிறேன்.”

ஜீப்பில்

பீர்மேட்டில் ஒரு விருந்துக்குத் தொரசானி கேக் அனுப்பினார். கொண்டுபோக வேண்டியது சூசையண்ணன். நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற சாக்கில் அதே ஜீப்பில் ஏறிக்கொண்டேன். நல்லவேளை ஏறினேன். மூன்றாவது வளைவில் கிரீம் மொத்தமும் ஒரு பக்கமாக வழிந்து நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோர ஓடைப் பாலத்தின் கலுங்குச் சுவரில் கேக்கை வைத்து, ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்த அட்டையால் கிரீமை வழித்து மறுபடி பூசினேன். சூசையண்ணன் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் காற்றுக்கு மறைப்புப் பிடித்தார். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தான்.

டிரைவருக்குத் தெரிந்தால் எஸ்டேட்டுக்கே தெரிந்தமாதிரி. ஒரே வாரத்தில் லயத்துக்குத் தெரியும், ஃபாக்டரிக்குத் தெரியும், கோபாலபிள்ளைக்கும் தெரியும். அவர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஆனால் ஒரு ஈ காக்கை பங்களாவில் போய்ச் சொல்லவில்லை. பேச்சியம்மாளிடம் “நீயும் யாரிடமும் உளறாதே” என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “கோசுக்காரன் சாமானத் தூக்கி லாரியில வச்சது இந்தக் கையிதாம்மா. இனி ஒரு தடவ தூக்க மாட்டோம்.”

தொங்கிய தயிர்

ஜூன் பிறந்தது. எங்கள் பக்கத்து மழையைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. உப்பு டப்பாவில் உப்புக்குப் பதில் தண்ணீர் இருக்கும். கம்பத்தில் சுவருக்குமேல் மரச்சட்டம் ஏறிவிட்டது, ஓடு மட்டும் பாக்கி என்று சூசையண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கொச்சியிலிருந்து கம்பெனிப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்று செய்தி. தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவர். மழைக்கால டீயில் கொழுந்து சரியாக வாடவில்லை என்று புகாராம். அவருக்கு வைக்கிற கேக் பிரமாதமாக இருக்க வேண்டும் என்றார் தொரசானி.

தயிர் வடியவில்லை. ஒருநாள் தொங்கியும் மூட்டை குளித்துவிட்டு வந்தமாதிரி இருந்தது. இன்னும் ஒருநாள் போனால் புளித்துவிடும். அந்த ஈரத்தில், எஸ்டேட்டில் காய்ந்த காற்று அடிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: ஃபாக்டரியின் மேல்மாடி. அங்கேதான் பறித்த கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, கீழேயிருந்து சூடான காற்றை விட்டு வாட்டுவார்கள். இவரிடம் கேட்டேன். குதித்தார். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையைத் திருடும். மல்லிகை வைத்துக்கொண்டு நான் ஃபாக்டரி வாசலுக்குப் போனாலே ‘தள்ளி நில்லு’ என்கிற மனுஷர். “சூசையண்ணனை நினைத்துப் பாருங்கள்” என்றேன். பிறகு கொழுந்துக்குத் தயிர் வாடை எட்டாதபடி, காற்று வெளியே போகிற கடைசி ஜன்னலாகப் பார்த்து அவரே கட்டித் தொங்கவிட்டார். காலையில் சீஸ் கட்டியாக இருந்தது. பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தார். “ஒரு இலைகூடக் கெடவில்லை, மோந்து பார்த்துட்டேன்.”

தொரையின் மூக்கு

கவனித்தீர்களா? தயிர் தேயிலையைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டோம். தேயிலை தயிரைக் கெடுக்கும் என்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. காற்று வெளியே போகிற ஜன்னல் என்றால், மாடி முழுக்க வாடுகிற கொழுந்தின் வாசனை அத்தனையும் அந்த மூட்டை வழியாகத்தானே போயிருக்கும்? எனக்கும் தெரியவில்லை. டீமேக்கர் பெண்டாட்டிக்கு அந்த வாடை மூக்கில் உறைக்காது. வீடே அந்த வாடைதான்.

புகாருக்குப் பதில் சொல்ல அன்று மாலை பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்ததால் இவரும் அங்கே இருந்தார்; நடந்ததைப் பிறகு எனக்குச் சொன்னார். தொரை ஒரு கரண்டி கிரீமை வாயில் போட்டு, டீயை ருசி பார்ப்பதுபோல நாக்கில் உருட்டினாராம். “இது வாடின கொழுந்து” என்றாராம். “சூசை, தயிரை எங்கே கட்டினே?” “பேன்ட்ரியிலதான் தொரை.” “என் நாக்கு வேற சொல்லுது. எங்கே கட்டினே?” சூசையண்ணன் தட்டை மேசையில் வைத்துவிட்டாராம். தொரை அவரை வராந்தாவில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, இவர் பக்கம் திரும்பினாராம். பொய் சொல்லத் தெரியாத இவர், உண்மையும் சொல்லத் தெரியாமல், “மழை சார்” என்றாராம். அப்புறம் குடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிவந்து வாசலில் நின்றார். “நீ வா. உன் வாய் இப்பத்தான் வேணும்.”

முதல் தடவையாகப் பங்களாவின் முன்வாசல் வழியாகப் போனேன், சேலையில் சேறோடு. வராந்தாவில் சூசையண்ணன் மழைச்சாரலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தொரை, தொரசானி, தட்டும் கையுமாகக் கொச்சிப் பெரியவர். எட்டு மாதமாக அடக்கிவைத்திருந்த வாய். திறந்தால் சும்மா இருக்குமா? “கேக் நான் செய்தது. முதல் நாளிலிருந்தே நான்தான். நீங்கள் வந்த அன்றைக்கு நான் உங்கள் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை பக்கத்தில் நின்றேன். அவர் செய்த குற்றம் ஒரு கதவைத் திறந்துவிட்டதும், பயத்தில் ஒரு வார்த்தை சொன்னதும். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு கோசுக்கு ஒரு குடும்பத்தை லாரியில் ஏற்றினீர்களே, அன்றைக்குத்தான் இந்த எஸ்டேட் முழுக்கப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே சாவியை வைத்துக்கொண்டு உண்மை சொல்லு என்றால் எவன் சொல்வான் சார்? அவர் மகன் வீட்டில் ஓடு மட்டும்தான் பாக்கி. ஓடு ஏறியதும் அவரே வந்து சொல்வதாக இருந்தார்.”

கொச்சிப் பெரியவர் சத்தமில்லாமல் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். இந்த மழையிலும் கொழுந்து இப்படி வாடியிருக்கிறதென்றால் தன்னிடம் வந்த புகார்தான் தப்பு என்று, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். தொரசானி எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சூசையண்ணனை உள்ளே அழைத்துவந்தார். “ரோஸ்ட் யார் செய்வது?” “நான்தான் மேடம்.” “கஸ்டர்ட்?” “நான்தான் மேடம்.” “கேக்?” அவர் என்னைப் பார்த்தார். “சொல்லுங்கண்ணே” என்றேன். “அம்மாதான் மேடம்” என்றவர், ஒரு பெரிய மூட்டையை இறக்கிவைத்தமாதிரி மூச்சுவிட்டார். தொரசானி தொரையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இவரிடம் பலமுறை உபயோகித்திருக்கிறேன். அதற்குமேல் பேச்சு இருக்காது. தொரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “சூசை அவன் காலம் முடியிற வரைக்கும் இருக்கட்டும். சட்டம் சட்டம்தான், வெளியாள் என் கிச்சனுக்குள்ளே வரக்கூடாது. கேக் தகரம் வரலாம்.”

தகரத்துக்கு மட்டும் அனுமதி

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் நான் வீட்டில் மாவைக் கலக்கித் தகரத்தில் ஊற்றி வைப்பேன். சூசையண்ணன் இறங்கிவந்து, நற்கருணை கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி மேட்டில் ஏறுவார். வெந்ததும் அதே மரியாதையோடு திரும்பக் கொண்டுவருவார். தோட்டக்காரனைத் திரும்பக் கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள். கூப்பிடவில்லை. அவன் வேறு எஸ்டேட்டில் சேர்ந்துவிட்டதாகப் பேச்சியம்மாள் சொன்னாள். ஆனால் அப்புறம் யார் சாமானும் அப்படி ஒரே நாளில் லாரி ஏறவில்லை. என் கண்ணில் படவில்லை.

டிசம்பரில் சூசையண்ணனுக்கு ஓய்வு. கம்பத்து வீட்டுக்கு ஓடு ஏறி, லூர்து அங்கே போய் நெஞ்சு அடைக்காமல் தூங்குகிறாள் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். பங்களா வராந்தாவில் விடைகொடுத்தார்கள். என்னையும் இவரையும் கூப்பிட்டிருந்தார்கள், முன்வாசல் வழியாக. தொரசானி யார் உதவியும் இல்லாமல், என் கோணல் எழுத்துத் தாளை வைத்துக்கொண்டு, முதல் தடவையாகத் தானே கேக் செய்திருந்தார். நடுவில் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்தில் கிரீம் குளம் கட்டி நின்றது. வாய் திறக்காதே என்று இவர் என் காலை மிதித்தார். சூசையண்ணன் ஒரு துண்டை எடுத்து, நிதானமாக மென்று, விழுங்கி, தொரசானியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “சத்தியமாச் சொல்லுதேன் மேடம், நான் சுட்டதவிட இது நல்லாருக்கு.”

முதலில் சிரித்தது தொரைதான்.

சகோதரிகளே, காரட் கேக் சுடக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது, சுட்டது நான்தான் என்று சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் பிடித்தது, அந்தப் பாடமும் இதோ உங்களிடம் பேசிக்கொண்டிருந்ததில் மறந்துபோயிற்று.